காரணம் என்ற கட்டம்

போன மாதம் லேனா தொலைபேசி எடுத்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில், என் கதிரையில் இப்போது இருக்கும் பெண் அவள். நல்ல பிள்ளை. ஆனால் அவளுடைய எண்ணைத் திரையில் கண்டால் நான் உடனே எடுப்பதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், ஏதோ பட்டியலில் பிழை விட்டுவிட்டேன், இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற நினைப்புத்தான் முதலில் வரும்.

இந்த முறை பிழை ஒன்றுமில்லை. புதிதாக ஒரு கணினி முறை கொண்டு வந்திருக்கிறார்களாம். ஒரு மாணவர் போட்டியில் விளையாடவில்லை என்றால், அவருடைய பெயருக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் வருகிறது. காயம், ஒழுங்கு நடவடிக்கை, பரீட்சை என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். வெறுமையாக விட்டால் பட்டியல் போகாது. "உங்கள் காலத்துப் பட்டியல்களில் அந்தக் கட்டம் இடையில் காணாமல் போகிறதே, ஏன் எடுத்தீர்கள்? பைலில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை" என்று கேட்டாள்.

பைலில் இருக்காது. இருக்கக் கூடாது என்றுதான் எழுதவில்லை. லேனாவுக்கு யேர்மன் மொழியில் ஐந்து நிமிடத்தில் சொல்லக் கூடியதைச் சொல்லிவிட்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் கேட்டாகிவிட்டது. "எழுதுங்கோ அங்கிள், பேரை மட்டும் மாத்துங்கோ" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த கதை எல்லோருடைய கதையும்தான். அகதி முகாம், ஐந்து வருடம் உணவகத்தில் கோப்பை கழுவியது, பிறகு ஒரு விளையாட்டு மண்டபத்தில் பந்து எண்ணி அலுமாரியில் பூட்டும் வேலை. அங்கிருந்துதான் அலுவலகத் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தேன். வகுப்பில் என்னோடு இருந்தவர்களுக்குப் பதினெட்டு வயது, எனக்கு முப்பத்து நாலு. அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும்.

வேலை கிடைத்தது எங்கள் பக்கத்து எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் விளையாட்டு ஒன்றியத்தில். அங்கே இரண்டே பேர். பொறுப்பாளர் திருமதி ஓவர்பெக், அவருக்குக் கீழே நான். இந்த ஒன்றியத்துக்கு மற்ற இடங்களில் இல்லாத ஒரு பிடிவாதம் இருந்தது. படிக்காதவன் விளையாட முடியாது. அந்தப் பருவத்தில் குறைந்தது இரண்டு பரீட்சைக்காவது பதியாத மாணவருக்கு மைதானத்தில் இடமில்லை. பரீட்சை வாரங்களில் போட்டியே கிடையாது. பயிற்றுநர்கள் எங்களைத் திட்டாத வாரம் இல்லை.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் மூடப்படும். அதற்கு முன் எட்டுக் கல்லூரிப் பரீட்சை அலுவலகங்களுக்கும் நான் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர்கள் மாணவர் இலக்கத்தை வாசிக்க, நான் திருப்பி வாசித்துக் காட்டி அடையாளமிட வேண்டும். பிறகு திருமதி ஓவர்பெக் பட்டியலை எடுப்பார். இளமையில் படகு வலித்த ஆள், ஆறடி உயரம். பட்டியல் வாசிக்கும்போது ஒருநாளும் உட்காரமாட்டார். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பென்சிலை வைத்து, உரக்க வாசிப்பார். எங்கள் தமிழ்ப் பெயர்கள் வந்தால் நிறுத்தி, "சரியாகச் சொல்கிறேனா?" என்று என்னிடம் கேட்பார். கையெழுத்துப் போடுமுன் எப்போதும் ஒரே கேள்விதான்.

"இதில் யார் தோற்கிறார்கள்?"

முதல் வருடம் இது எனக்கு விளங்கவேயில்லை. ஒருமுறை, ஒரு கூடைப்பந்துப் பொடியனின் பதிவு காலாவதியானதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். போன வாரம் சரியாக இருந்தது, இந்த வாரமும் இருக்கும் என்று நம்பி அடையாளம் போட்டேன். அவன் விளையாடிய மூன்று போட்டியின் புள்ளிகளையும் அவனுடைய அணி இழந்தது. திருமதி ஓவர்பெக் என்னைத் திட்டவில்லை. அந்த அணியின் பதினொரு பெயர்களையும் ஒரு தாளில் என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும், "இவ்வளவு பேர்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து புதன்கிழமைகளில் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்குவதில்லை.

இன்னொன்றையும் சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கே ஒரு பாடத்தை மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றாந்தரமும் தவறினால் அந்தக் கல்லூரியை விட்டுப் போக வேண்டியதுதான். அதோடு முடிவதில்லை. அதே படிப்பை நாட்டில் வேறெந்தக் கல்லூரியிலும் தொடர முடியாது. எங்கள் உதைபந்தாட்டக்காரன் ஒருவன், வெளியூர்ப் போட்டியில் விளையாடி, பஸ்ஸில் நித்திரை கொண்டு, மறுநாள் காலை மூன்றாந்தரப் பரீட்சைக்குப் போய்த் தவறிவிட்டான். ஒரு மாதம் கழித்து அவனுடைய தாய் அலுவலகத்துக்கு வந்தார். கழுவி அழுத்தி மடித்த அவனது அணிச் சட்டையை மேசையில் வைத்து, "இது உங்களுடையது" என்றார். திருமதி ஓவர்பெக் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அந்த வாரமே ஒரு விதி எழுதினார். மூன்றாந்தரம் எழுதும் மாணவர், பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரம் எந்த அணியிலும் இருக்கக் கூடாது. பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலே, காரணம் என்ற கட்டத்தில், 'பரீட்சை ஓய்வு' என்று எழுதப்படும்.

நல்ல விதி. இப்போதும் நல்ல விதி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தப் பட்டியலை யார் யார் வாசிப்பார்கள் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

குணத்தை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். டிராம் ஓட்டுபவர். தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் இடத்தில் பழகியது. அவருடைய மகளைத் தர்சிகா என்று வைத்துக்கொள்வோம். கட்டடப் பொறியியல் படித்தாள், கல்லூரி ஹேண்ட்போல் அணிக்குக் கோல் காத்தாள். நீண்ட கைகள், அதைவிட நீண்ட பொறுமை. "எஞ்சினியருக்குப் படிக்கிறாள், கோலிலையும் நிக்கிறாள்" என்று குணம் சொல்லாத ஆளில்லை. புதன்கிழமை பின்னேரம் எங்கள் பட்டியல் இணையத்தில் வரும். டிராம் நிலையத்தில் ஓய்வு நேரத்தில், தேத்தண்ணீரோடு அதைத் திறந்து மகளின் பெயரைப் பார்ப்பது அவருக்கு மூன்று வருடப் பழக்கம்.

அந்த வருடம் அவளுடைய அணி முதன்முதலாக இறுதிப் போட்டிக்கு வந்தது. குணம் பஸ் ஒன்று பேசி, தமிழ்க் குடும்பங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வர ஏற்பாடு செய்திருந்தார். ஒரு வாரம் போட்டியில்லாமல் விட்டு, இறுதிப் போட்டி சனிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை காலை, பரீட்சை அலுவலகப் பெண் மூன்றாந்தரம் எழுதுவோரின் இலக்கங்களை வாசித்தபோது, ஓர் இலக்கத்தைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கேட்கிறதா?" என்றாள் அந்தப் பெண். கேட்டது. அடுத்த வியாழக்கிழமை, இயந்திரவியல், மூன்றாந்தரம், தர்சிகா.

பதினொரு மணிக்கு அவளே வந்து கதவைத் தட்டினாள். மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தாள்.

"அங்கிள், நீங்கள் என்ன போடப் போறியளெண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் பேந்து ஏன் பிள்ளை வந்தனி?"

"விளையாட விடச் சொல்லி வரேல்லை. நான் விளையாடேல்லை. அந்தக் கட்டத்திலை மட்டும் பரீட்சை எண்டு போடாதேங்கோ. அப்பா பாப்பார்."

"பாத்தால் என்ன? சோதினை எண்டால் சோதினைதானே."

அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முதல்தரமே பாஸ் எண்டு சொல்லிப் போட்டன். அவர் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை லட்டும் குடுத்தவர்."

அந்த லட்டில் ஒன்றை நானும் தின்றிருந்தேன்.

"காயம் எண்டு போடுங்கோ அங்கிள். கணுக்கால். எட்டு நாள்தானே. அமைதியா இருந்து படிச்சுப் பாஸ் பண்ணிப் போட்டு, நானே அப்பாக்குச் சொல்லுறன். கடவுளாணைச் சொல்லுறன்."

மேசை மணிக்கூட்டில் பதினொன்று நாற்பது. நான் பயந்த சுபாவம். பட்டியலில் ஒரு பொய்யும் எழுதியவனில்லை. ஆனால் அவள் அழாமல் இருக்க எடுத்த பாட்டைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. எப்படியும் அவள் விளையாடப் போவதில்லை, விதி காப்பாற்றப்பட்டுவிடும், பிள்ளைக்கு எட்டு நாள் நிம்மதி கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'காயம்' என்று எழுதினேன்.

திருமதி ஓவர்பெக் நின்றபடி வாசித்துக்கொண்டு வந்தார். அவளுடைய பெயருக்குக் கீழே பென்சில் நின்றது.

"காயமா? எங்கே?"

"கணுக்கால்."

"இறுதிப் போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது! பாவம். இதில் யார் தோற்கிறார்கள்?"

"அணி" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்குக் குணம் தொலைபேசி எடுத்தார். "என்னண்ணை, பிள்ளைக்குக் காயம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, பெத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!" என்று கோபித்தார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதற்குள் தர்சிகா வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக் கடையில் துணிக்கட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். அவள் யேர்மனியில் வளர்ந்தவள், மறக்கலாம். நான் மறந்ததை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒருவருக்குப் பரீட்சை என்று சொன்னால், படிக்கட்டும் என்று பேசாமல் இருப்பார்கள். காயம் என்று சொன்னால் பார்க்க வருவார்கள்.

வியாழக்கிழமை மூன்று குடும்பம் போனதாம். வெள்ளிக்கிழமை என் மனைவி வேலையால் வந்து செருப்பைக் கழற்ற முன்னமே, "குணத்தின்ரை மகளுக்குக் கால் முறிஞ்சு போச்சாமே!" என்றாள். புதன்கிழமை சுளுக்கியிருந்த கால் அது. சனிக்கிழமை காலை ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்து ஒப்பரேஷன் எப்போது என்று கேட்டார். பெரிய சிரிப்புக்குரிய விடயம்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை இறுதிப் போட்டியில் நான் கடமையில் இருந்தேன். புதுக் கோல் காப்பாளர் பிள்ளை பயத்தில் கண்ணை மூடி மூடிப் பந்தைத் தடுத்தாள். ஒன்பது கோலால் தோல்வி. தமிழர் ஒருவரையும் மண்டபத்தில் காணவில்லை. மகள் விளையாடாத போட்டிக்கு எதற்கென்று குணம் பஸ்ஸை நிறுத்திவிட்டாராம். சனிக்கிழமையை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த அத்தனை குடும்பமும் எங்கே போயிருக்கும் என்று யோசித்தபோது, எனக்குக் குணத்தின் வீட்டு வாசல்தான் கண்ணுக்குள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி, "நாங்கள் போகாட்டில் குறை நினைப்பினம்" என்றாள். அவளுக்கு வேலை இருந்தது. என் கையில் ஒரு வலைப்பை நிறையத் தோடம்பழத்தைத் தந்து என்னை அனுப்பினாள்.

குணத்தின் வீடு மூன்றாம் மாடி. சப்பாத்துகள் இரண்டாம் மாடிப் படியிலேயே தொடங்கியிருந்தன. ஒவ்வொரு படியாக அவற்றைத் தாண்டி ஏறும்போது, இவ்வளவு காலும் நான் எழுதிய ஒரு சொல்லுக்காக வந்தவை என்ற நினைப்பும் என்னோடு ஏறி வந்தது.

உள்ளே பன்னிரண்டு பேராவது இருந்திருப்பார்கள். மேசையில் தோடம்பழம், அப்பிள், பிஸ்கட் பெட்டி எல்லாம் குவிந்திருந்தன. தர்சிகா நீள இருக்கையில் சாய்ந்திருந்தாள். வலது கால் கதிரை ஒன்றின் மேல், முழங்கால் வரை கட்டு. அதில் நோவெண்ணெய் ஊறி மஞ்சளாகியிருந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையின் கீழே தடித்த புத்தகமொன்றின் மூலை தெரிந்தது. ஒரு அம்மா அவளுக்குப் பக்கத்தில் இருந்து, "நடக்காதை பிள்ளை. எங்கடை சொந்தக்காரப் பெட்டை இப்பிடித்தான் அவசரப்பட்டு நடந்து, இண்டைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து பழத்தைக் கொடுத்தபோது, சிரித்த முகம் மாறாமல், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"நாலு நாளாப் புத்தகம் திறக்கேல்லை அங்கிள். இரவிலை அம்மா பக்கத்திலை படுக்கிறா. எனக்குப் பயமாக் கிடக்கு."

குணத்தின் மனைவி வசந்தி குசினியிலிருந்து தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தார். கண் வீங்கியிருந்தது. "அண்ணை, இந்தமுறை ஊன்ட்றொப் கோயில் திருவிழாவுக்கு அம்மனுக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறனெண்டு நேர்ந்திட்டன். இவளின்ரை கால் சுகமானால் போதும்" என்றார்.

ஒரு நல்ல மனுசி வெயிலில் நெருப்புச் சட்டியைத் தூக்கி நடக்கப் போகிறாள், இல்லாத காயத்துக்காக. அதற்கு மேல் என்னால் அந்தத் தேத்தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. இன்னும் மூன்று முழு நாள்தான் இருந்தது. நான் பேசாமல் எழுந்து போனால் அந்த மூன்று நாளும் இதே மாதிரித்தான் போகும். பேசினால், அவளுடைய பரீட்சையைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சட்டப்படியும் இல்லை, அவளுக்குக் கொடுத்த வாக்குப்படியும் இல்லை. ஆனால் என் பொய் என்னுடையது. அதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று தோன்றியது.

"குணம், அந்தக் காலுக்கு ஒண்டுமில்லை."

எல்லாரும் திரும்பினார்கள். "பட்டியலிலை காயமெண்டு எழுதினது நான். பொய்யெண்டு தெரிஞ்சுகொண்டுதான் எழுதினனான். பிழை என்ரை."

குணம் சிரிக்கப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப ஏன் பிள்ளை விளையாடேல்லை?"

"அதை நான் சொல்ல ஏலாது."

தர்சிகா காலைக் கதிரையிலிருந்து எடுத்தாள். குனிந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். அது நீளமான துணி. சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் எழும்பி, இரண்டு காலிலும் நேராக நின்றாள்.

"முதல்தரம் பாஸ் எண்டு சொன்னது பொய் அப்பா. ரெண்டாந்தரமும் விட்டிட்டன். வாற வியாழக்கிழமை மூண்டாந்தரம். அதையும் விட்டால், பேந்து யேர்மனியிலை எங்கையும் நான் இந்தப் படிப்பைப் படிக்க ஏலாது."

வசந்தி தட்டை மேசையில் வைக்க இடம் தேடினார், பழங்களுக்கு நடுவில் இடமில்லை. குணம் மகளின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் வெளிநடைக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ஒரு குவியல் குளிர்ச்சட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து, யாருடையது என்று பார்த்து, அவரவர் கையில் கொடுத்தார்.

"பிள்ளை படிக்கவேணும்" என்றார், ஒவ்வொருவரிடமும். "குறை நினைக்காதேங்கோ. பிள்ளை படிக்கவேணும்."

என் சட்டையைக் கடைசியாகத்தான் தந்தார். எனக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திருமதி ஓவர்பெக்கின் மேசைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் முதல் நாள் இரவு மனைவியிடம் வாடகையைப் பற்றிக்கூடப் பேசி வைத்திருந்தேன். அவர் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புதன்கிழமைப் பட்டியலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வெட்டுங்கள். அழிக்க வேண்டாம், வாசிக்கக் கூடியதாக ஒரு கோடு போதும். பக்கத்தில் உங்கள் பெயர்."

வெட்டினேன். என் பெயரை எழுதினேன். எட்டுக் கல்லூரிகளுக்கும் போன திருத்தத்தில், 'அலுவலகத்தின் பிழை' என்று மட்டும் எழுதச் சொன்னார். மாணவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் கேள்வியை நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிக் கேட்டார்.

"இதில் யார் தோற்றார்கள்?"

"அந்தப் பிள்ளை. நாலு நாள்."

மேசையில் பட்டியல் இருக்கும்போது ஒருநாளும் உட்காராத மனுசி, அன்றைக்கு உட்கார்ந்தார்.

"அந்த விதியை எழுதியபோது மாணவரை நினைத்தேன், பயிற்றுநரை நினைத்தேன். பட்டியலை ஒரு தகப்பன் வாசிப்பார் என்று நான் நினைக்கவில்லை" என்றார். "அந்த நாலு நாளில் மூன்று உங்கள் கணக்கில். ஒன்று என் கணக்கில்."

அலுமாரியிலிருந்து வெறும் படிவம் ஒன்றை எடுத்தார். அடிமட்டத்தை வைத்து, 'காரணம்' என்ற கட்டத்தின் மேல் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினார். அடுத்த புதன்கிழமையிலிருந்து எங்கள் பட்டியலில் இரண்டே வகைதான். விளையாடுகிறார், விளையாடவில்லை. ஏன் என்பது அந்த மாணவருடைய சொந்த விடயம். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் தந்தார், அதில் தயவு காட்டவில்லை. ஆனால் அந்தக் கடிதத்திலும் காரணம் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். லேனாவுக்குப் பைலில் விளக்கம் கிடைக்காதது அதனால்தான்.

தர்சிகா வியாழக்கிழமை பரீட்சை எழுதினாள். மூன்று வாரம் கழித்துப் பரீட்சை அலுவலகப் பெண் வழக்கம்போல இலக்கங்களை வாசித்தாள். அந்த இலக்கம் மறுபடி வந்தது. மயிரிழையில் தவறிவிட்டாள். அவளுடைய கல்லூரியில், மூன்றாந்தரத்தில் அப்படித் தவறியவர்களுக்கு வாய்மொழித் தேர்வு ஒன்று கொடுப்பார்கள். அரை மணித்தியாலம், இரண்டு பேராசிரியர்கள், அதற்கு மேல் எதுவும் இல்லை. தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. நான் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அந்த நாலு நாளையும் விரலில் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நாலு நாள் இருந்திருந்தால் என்ற நினைப்பை விட்டு என்னால் வெளியே வர முடியவில்லை. குணம் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. தமிழ்ப் பாடசாலையில் கண்டாலும் வேறு பக்கம் பார்த்தார். நானும் அவருடைய டிராம் ஓடும் பாதையைத் தவிர்த்து, நடந்து வேலைக்குப் போனேன்.

அடுத்த பருவத்தின் முதல் புதன்கிழமை, அவளுடைய கல்லூரிப் பட்டியலில் முதலாவது வரியே கோல் காப்பாளர். திருமதி ஓவர்பெக் பென்சிலை வைத்து அவளுடைய முழுப் பெயரையும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வாசித்தார். அதற்கென்று பழகியிருக்க வேண்டும். வாசித்து முடித்ததும், யார் தோற்கிறார்கள் என்று கேட்கவில்லை. அந்த வாய்மொழித் தேர்வில் பாஸ் பண்ணிய அவள், இப்போது கால்வாய்ப் பாலங்கள் திருத்தும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். வசந்தி நேர்ந்தபடியே கற்பூரச்சட்டி எடுத்தார். கால் சுகமாகத்தானே இருக்கிறது, கொடுத்த வாக்கு வாக்குத்தான் என்று சொல்லிவிட்டாராம்.

ஆனால் லேனா அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது அந்தப் பட்டியலும் இல்லை, பாலமும் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பொறுக்க முடியாமல் அன்றைக்கு மறுபடியும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வேறு என்ன கொண்டு போவதென்று எனக்குத் தெரியவில்லை. படிகளில் ஒரு சோடிச் சப்பாத்துக்கூட இல்லை. மணியை அடிக்கவும் பயந்து, விரலால் தட்டினேன். கதவு சங்கிலியோடு கொஞ்சம் திறந்தது. குணத்தின் அரை முகம் தெரிந்தது.

"என்னண்ணை?"

ஒரு மாதத்துக்கு மேலாக நான் கேட்காத குரல். "சும்மா, பாத்திட்டுப் போவமெண்டு" என்றேன்.

"பிள்ளை படிக்கிறாள்."

"ஓம், ஓம். நான் உள்ளுக்கு வரேல்லை. இதைக் குடுத்திட்டுப் போறன்."

பையை நீட்டினேன். இடைவெளிக்குள் அது போகவில்லை. சங்கிலியைக் கழற்றுவார் என்று பார்த்தேன், கழற்றவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டினார். நான் பையைப் பிரித்து ஒவ்வொரு பழமாக எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கி, சத்தம் வராமல் உள்ளே எங்கேயோ வைத்துவிட்டு, மறுபடி கையை நீட்டினார். ஏழு பழம். உள் அறையிலிருந்து தர்சிகா ஏதோ சூத்திரத்தை உரக்கச் சொல்வது கேட்டது. பிழைத்தது போலும், நிறுத்தி மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

"போயிட்டு வாங்கோ அண்ணை" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

யேர்மனிக்கு வந்த இத்தனை வருடத்தில், ஒரு தமிழ் வீடும் என்னை வாசலில் வைத்துத் தேத்தண்ணீர் தராமல் அனுப்பியதில்லை. வெறும் பையைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளையின் படிப்பைக் குழப்பாதபடி படிகளில் மெல்ல மெல்ல இறங்கினேன். எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.